மணல்மேல் கட்டிய காடு

பதினோராம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவியர்

தமிழ்நாட்டு வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். வடக்கிலிருந்து நேராக இறங்கி வரும் கிழக்குக் கரை, ஓரிடத்தில் கடலுக்குள் மூக்கை நீட்டிவிட்டுச் சட்டென்று மேற்கே திரும்புகிறது. அந்த மூக்கின் நுனிதான் கோடியக்கரை. வங்காள விரிகுடாவும் பாக் நீரிணையும் இங்கேதான் சந்திக்கின்றன. 'கோடி' என்றால் முனை என்று பொருள். சுந்தரர் தேவாரம் பாடிய குழகர் கோயில் இவ்வூரில் இருக்கிறது. கல்கியின் பொன்னியின் செல்வனைப் படித்தவர்களுக்குப் பூங்குழலி படகு செலுத்திய கடலும் இதுவே. எங்கள் வகுப்பில் அந்தப் புதினத்தைப் படித்தவர்கள் பாதிப் பேர். அவர்கள் பூங்குழலியைத் தேடி வந்தார்கள். மீதிப் பேர் மானையும் பறவையையும் தேடி வந்தார்கள். நாங்கள் தேடிப் போகாத ஒன்றும் அங்கே எங்களுக்குக் கிடைத்தது. அதைச் சொல்லவே இக்கட்டுரை.

2025 ஜனவரியில் ஒரு சனிக்கிழமை. மற்ற நாள்களில் இரண்டாம் மணிக்கும் எழாதவர்கள்கூட அன்று முதல் மணிக்கே தலை வாரி, பொட்டிட்டு, தண்ணீர்ப் புட்டியும் கையுமாக நின்றார்கள். சிற்றாலயத்தில் செபம் சொல்லிப் புறப்பட்டோம். நாங்கள் 42 பேர், ஆசிரியைகள் மூவர், எங்களுடன் சிஸ்டர். புளிச்சோறும் உருளைக்கிழங்குப் பொரியலும் இரண்டு பெரிய தூக்குகளில் பேருந்தின் பின் இருக்கையை முன்னதாகவே பிடித்துக்கொண்டன! நாகையைக் கடந்து, வேளாங்கண்ணிப் பேராலயத்தின் வெண்கோபுரங்களைச் சன்னல் வழியாகவே வணங்கிவிட்டு, தெற்கு நோக்கி ஓடினோம். பாட்டுக்குப் பாட்டு போட்டியில் தொண்டை கட்டியபோது வேதாரணியம் வந்திருந்தது.

வேதாரணியத்தை அடுத்த அகத்தியம்பள்ளியில் வண்டி நின்றது. 1930 ஏப்ரல் 13ஆம் நாள் திருச்சியிலிருந்து இராஜாஜியின் தலைமையில் கால்நடையாகப் புறப்பட்ட தொண்டர்கள், ஏப்ரல் 30ஆம் நாள் உப்பெடுத்த இடம் இது. அங்குள்ள நினைவுத்தூணைச் சுற்றி நின்று, பாடநூலில் படித்ததை வரலாற்று ஆசிரியை சொல்லக் கேட்டோம். அப்போது எங்கள் தோழி ஒருத்தி மட்டும் தூணைப் பார்க்காமல் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் அதிகம் பேசாதவள். ஆறாம் வகுப்பில் விடுதிக்கு வந்தாள். ஊரைக் கேட்டால் "வேதாரணியம் பக்கம்" என்பாள். அதற்கு மேல் சொல்லமாட்டாள். அன்று அவளாகவே கை நீட்டிக் காட்டினாள். "அந்தப் பக்கம் பாத்தி தெரியுது பாருங்கடி, அங்கதான் எங்க அப்பா வேலை பாக்குறாங்க. கோடையில உப்பு வாருறப்போ அம்மாவும் போவாங்க." கண்ணுக்கெட்டிய தூரம் வரை பாத்திகள். மழை நீர் தேங்கி அவை வானத்தைக் காட்டிக்கொண்டிருந்தன. ஐந்தாண்டுகளாக ஒரே கூடத்தில் படுத்துறங்கியவளின் வீட்டுத் தொழில் எங்களுக்குத் தெரிந்தது அந்த நிமிடத்தில்தான்.

கோடியக்கரையில் வனத்துறையின் அனுமதி பெற்று, வழிகாட்டி ஒருவருடன் நடக்கத் தொடங்கினோம். இந்தச் சரணாலயம் 1967இல் வெளிமான்களைக் காப்பதற்காக அமைக்கப்பட்டது. 2002இல் இப்பகுதி ராம்சர் உடன்படிக்கையின்கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. அதன்பின் ஏறத்தாழ 20 ஆண்டுகள் தமிழ்நாட்டில் அச்சிறப்பைப் பெற்ற ஒரே இடமாக இது இருந்தது. பறவையியல் அறிஞர் சாலிம் அலி இந்த இடத்தின் அருமையை முன்பே உணர்ந்து எடுத்துச் சொன்னவர். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் பல்லாண்டுகளாக இங்கே பறவைகளின் காலில் சிறு உலோக வளையமிட்டு, அவை எங்கிருந்து வந்து எங்கே போகின்றன என்று ஆராய்ந்து வந்திருக்கிறார்கள்.

காட்டுக்குள் காலை வைத்ததும் எங்களுக்கு முதல் வியப்பு. காலடியில் மண் இல்லை, மணல்! கடற்கரையில் காலைப் புதைக்குமே, அதே மணல். அதன்மேல் நெருங்கி வளர்ந்த காடு. உலக்கைப் பாலை மரங்கள்தாம் மிகுதி. அவை மழை குறைந்த காலத்திலும் இலை உதிர்க்காமல் பச்சையாக நிற்குமாம். கோடையில் இவற்றின் மஞ்சள் நிறப் பழத்தைப் பாலப்பழம் என்று வேதாரணியம் கடைத்தெருவில் கூறுகட்டி விற்பார்கள் என்று தோழி சொன்னாள். நாவில் நீர் ஊறியதுதான் மிச்சம். பழக்காலத்துக்கு இன்னும் மாதங்கள் இருந்தன.

"சிஸ்டர், மணலின்மேல் வீடு கட்டியவன் அறிவிலி என்று நற்செய்தியில் வருகிறதே, இங்கே ஒரு காடே மணலின்மேல் நிற்கிறதே!" என்று எங்களில் ஒருத்தி குறும்பாகக் கேட்டாள். சிஸ்டர் சிரித்தார்கள். "அந்த மனிதன் மணலின்மேல் கட்டினான், அடித்தளம் போடவில்லை. இந்த மரம் அப்படியா செய்திருக்கிறது? குனிந்து பார்" என்றார்கள். கஜா புயலில் சாய்ந்த ஒரு பழைய மரம் வழியோரம் கிடந்தது. அதன் வேர்க்கூட்டம் எங்கள் உயரத்துக்கு மேல் விரிந்திருந்தது. ஒவ்வொரு வேரும் மணலைக் கைப்பிடியாகப் பற்றியிருந்த தடம் தெரிந்தது.

இராமர் பாதம் என்னும் மணல்மேட்டில் ஏறினோம். இராமபிரான் இங்கே நின்று இலங்கையை நோக்கினார் என்பது இப்பகுதி மக்களின் நம்பிக்கை. சரணாலயத்திலேயே உயரமான இடம் இதுதான். கடல் மட்டத்துக்கு மேல் சில மீட்டர்களே! மலை ஏறும் எண்ணத்தோடு புதுக் காலணி வாங்கி வந்த தோழியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஆனால் மேலே நின்றபோது அந்தச் சில மீட்டர்களின் மதிப்பு புரிந்தது. ஒருபுறம் காடு, மறுபுறம் வெளிர்ந்த சதுப்பு நிலம், சுற்றிலும் கடற்காற்று.

புவியியல் ஆசிரியை அங்கே எங்களை உட்கார வைத்துப் பாடம் நடத்தினார்கள். கரும்பலகை இல்லாத அப்பாடம் எங்களுக்கு மறக்கவே மறக்காது. இந்த மூக்கு முழுவதும் கடல் கொண்டு வந்து கொட்டிய மணலால் ஆனது. பருவக்காற்று மாறும்போது கரையோர நீரோட்டமும் மாறுகிறது. மணல் இழுபட்டு வந்து முனையில் படிகிறது. சில ஆயிரம் ஆண்டுகளில் கடல் பின்வாங்கப் பின்வாங்க, ஒரு மணல்வரப்புக்கு முன்னால் இன்னொரு வரப்பாக, உழவன் வரப்புக் கட்டியதுபோல் வரிசையாக எழுந்தன. வேதாரணியமும் அதைச் சுற்றியுள்ள பல ஊர்களும் இத்தகைய வரப்புகளின்மேல்தான் இருக்கின்றன.

அங்கிருந்து புல்வெளி. வழிகாட்டி கையை உயர்த்தினார். 42 பேரும் பேச்சை நிறுத்தியது எங்கள் பள்ளி வரலாற்றில் பதிய வேண்டிய செய்தி! சிறிது தூரத்தில் வெளிமான் கூட்டம். பிணைகள் பழுப்பு, நடுவே கலைமான் ஒன்று, முதுகு கருத்து, வயிறு வெளுத்து, முறுக்கிய கொம்புகளோடு. எங்களைக் கண்டதும் ஒரு பிணை துள்ளியது. பிறகு ஒவ்வொன்றாகத் துள்ளி, முழுக் கூட்டமும் காற்றில் மிதந்து சென்றது. அப்பால் மட்டக்குதிரைகள் சில மேய்ந்துகொண்டிருந்தன. எப்போதோ மனிதர் வளர்த்துக் கைவிட்ட குதிரைகளின் வழித்தோன்றல்கள் அவை. மானுக்கும் குதிரைக்கும் ஒரே புல், ஒரே தண்ணீர். இதற்கிடையில் சீமைக்கருவேல் வேறு புல்வெளியை ஆண்டுக்காண்டு தின்று வருவதால், வனத்துறையினர் அதை வெட்டி அகற்றுகிறார்கள்.

முனியப்பன் ஏரியை அடைந்தபோது வெயில் ஏறியிருந்தது. வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிறைந்து கிடந்தது. ஊசிவால் வாத்துகள் நீரில் தலைகீழாக நின்று வாலை மட்டும் காட்டின. கரையோரச் சேற்றில் கொசு உள்ளான்கள் தையல் ஊசிபோல் குத்திக் குத்தி இரை தேடின. அச்சிறு பறவை ஒன்றின் எடை ஏறத்தாழ 25 கிராம்தான் என்றார் வழிகாட்டி. வட துருவத்தை ஒட்டிய நிலங்களில் பிறந்து, மலைகளையும் பாலைகளையும் தாண்டி இங்கே வந்து குளிர்காலத்தைக் கழிக்கிறது! ஒரு சிறு எலுமிச்சம்பழத்தின் எடைகூட இல்லாத உயிர்! அப்பால் சதுப்பு நிலத்தின் விளிம்பில் இளஞ்சிவப்பாக ஒரு கோடு தெரிந்தது. தொலைநோக்கியை மாற்றி மாற்றிப் பார்த்தோம். அத்தனையும் பூநாரைகள்! அலகைத் தலைகீழாக நீரில் வைத்து வடிகட்டி உண்ணும் பறவை அது.

மழைக்காலத்தில் இவ்வளவு நிறைந்திருக்கும் ஏரி கோடையில் வற்றிவிடும். அப்போது தொட்டிகளில் நீர் நிரப்பித்தான் விலங்குகளைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. மூன்று பக்கமும் தண்ணீர். குடிக்க ஒரு வாய் இல்லை. இதைக் கேட்டதும் எங்களுக்கும் தாகம் எடுத்தது. புட்டிகளைத் திறந்தோம். பல புட்டிகள் முன்பே காலி!

மர நிழலில் புளிச்சோற்றை முடித்துக்கொண்டு, சரணாலய எல்லையைத் தாண்டி, மீனவர் குடியிருப்பை ஒட்டிய கடற்கரைக்கு வந்தோம். இங்கே மணல்மேடுகள் அலையலையாகக் கிடந்தன. இராவணன் மீசை என்னும் முட்புல்லும் அடப்பங்கொடியும் அவற்றைப் போர்த்தியிருந்தன. அடப்பங்கொடியின் ஊதாப் பூக்களைக் காதில் செருகிக்கொண்டு மேட்டின்மேல் ஏறி உருண்டு விளையாடப் போன எங்களை ஆசிரியை தடுத்தார்கள். "கொடியை மிதிக்காதீர்கள், கொடி போனால் மேடு போய்விடும்" என்றார்கள். காற்று கொண்டுவரும் மணல் இந்தக் கொடியில் தடுக்கி விழுகிறது. மணல் மூடினால் கொடி அதற்கு மேல் எழுந்து மீண்டும் வேர்விடுகிறது. இப்படித்தான் மேடு வளர்கிறது.

மேட்டின் பின்புறப் பள்ளத்தில் ஓர் ஊற்று. இடுப்பளவு ஆழம்கூட இல்லை. வயதான ஓர் அம்மா அதன் பக்கத்தில் குந்தி, கொட்டாங்கச்சியால் நீரை முகந்து குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார். "குடிங்க ஆத்தா, நல்ல தண்ணிதான்" என்று நீட்டினார். கடல் அங்கிருந்து கூப்பிடு தூரம். தயங்கினோம். எங்கள் தோழி முன்னே போய் வாங்கிக் குடித்தாள். பிறகு நாங்களும் குடித்தோம். தித்தித்தது!

அப்போதுதான் அவள் பேசினாள். அவள் அவ்வளவு நேரம் தொடர்ந்து பேசி நாங்கள் கேட்டதே இல்லை.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் நாகைக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. அப்போது அவள் ஐந்தாம் வகுப்பு. "கூரை பறந்துடுச்சு. பாத்தியெல்லாம் சேறு. தென்னை மரம் ஒன்னு விடாம சாஞ்சு கிடந்துச்சு. கரண்ட் இல்ல, அதனால மோட்டார் ஓடல. குழாயில சொட்டுத் தண்ணி இல்ல. வெளியூர்லேருந்து லாரித் தண்ணி வர்றதுக்கு நாளாச்சு. எங்க அப்பாயி என்னைக் கூட்டிக்கிட்டு வீட்டுக்குப் பின்னால இருந்த மணல்மேட்டுக்குப் போனாங்க. கையாலயே தோண்டினாங்க. தண்ணி ஊறுச்சு. எங்க தெருவே அந்த ஊத்துத் தண்ணியைத்தான் குடிச்சுச்சு."

ஒரு கணம் நிறுத்தினாள். "அந்த மேடு இப்ப இல்ல. கொஞ்சம் கொஞ்சமா ராத்திரியில டிராக்டர்ல அள்ளிட்டுப் போயிட்டாங்க. அப்பா போய்க் கேட்டதுக்கு, 'சும்மா கிடக்குற மணல்தானே'ன்னு சொன்னாங்களாம். இப்ப அந்த இடத்துல தோண்டினா உப்புத் தண்ணிதான் வருது."

நாங்கள் யாரும் பேசவில்லை. மணலை அள்ளியவர்களை உடனே திட்டிவிடலாம். எங்களால் அது முடியவில்லை. எங்களில் சிலருடைய அப்பா கட்டட மேஸ்திரி. சிலருடைய அப்பா லாரி ஓட்டுகிறார். சிலருடைய வீடு இப்போதுதான் எழும்பிக்கொண்டிருக்கிறது. மணல் இல்லாமல் இவர்களில் யாருக்கும் சோறில்லை, கூரையில்லை. அதை அறிந்துதானோ என்னவோ, தோழியும் யாரையும் குறை சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான்.

மணலுக்குள் நல்ல தண்ணீர் எப்படி வந்தது, ஏன் போயிற்று என்று புவியியல் ஆசிரியை ஒரு குச்சியால் மணலில் படம் போட்டுக் காட்டினார்கள். மழை நீர் மணலில் இறங்குகிறது. அடியில் கடலின் உப்பு நீர் நிற்கிறது. நல்ல நீர் எடை குறைந்தது. ஆதலால் எண்ணெய் தண்ணீரில் மிதப்பதுபோல் உப்பு நீரின்மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் உயரம் நல்ல நீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம் வரை அது உப்பு நீரை அழுத்தி வைத்திருக்கும் என்பது கணக்கு. மேலே ஒரு மீட்டரை இழந்தால், அடியில் 40 மீட்டர் உப்பு ஏறும்! மேட்டை அள்ளிச் செல்பவர் ஒரு வண்டி மணலை மட்டும் எடுத்துச் செல்வதில்லை. அந்த ஊரின் தண்ணீர்க் குடத்தையே எடுத்துச் செல்கிறார்.

அது மட்டுமன்று. 2004 டிசம்பர் 26இல் வந்த ஆழிப்பேரலை நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. நாங்கள் அப்போது பிறக்கவில்லை. எங்கள் பெற்றோருக்கு அந்த நாள் நன்றாக நினைவிருக்கும். கோடியக்கரையில் சோழர் காலத்திலிருந்து நின்ற பழைய கலங்கரை விளக்கத்தின் எச்சமும் அன்றுதான் வீழ்ந்தது. தமிழகக் கரையில் பின்னர் ஆராய்ந்தவர்கள், உயரமான மணல்மேடுகள் குலையாமல் நின்ற இடங்களில் அவற்றின் பின்னால் இருந்த ஊர்களுக்குச் சேதம் குறைவு என்று கண்டார்கள். மேடு உடைந்து கிடந்த இடங்களின் வழியே அலை உள்ளே புகுந்தது. இன்று சட்டமும் இதை ஏற்றிருக்கிறது. 2011, 2019ஆம் ஆண்டுகளின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைகளில் மணல்மேடுகள் மிகக் கண்டிப்பாகக் காக்கப்பட வேண்டிய பிரிவில் சேர்க்கப்பட்டுள்ளன.

திரும்பும் வழியில் பாட்டுக்குப் பாட்டு இல்லை. தோழியைச் சுற்றி உட்கார்ந்து, பாத்தி கட்டுவது எப்படி, உப்பு பூப்பது எப்படி, வெயிலில் அம்மாவின் கண்கள் ஏன் எரிகின்றன என்று கேட்டுக்கொண்டே வந்தோம். அவளும் சலிக்காமல் சொன்னாள். அடுத்த திங்கட்கிழமைக் காலை வணக்கக் கூட்டத்தில் அவளையே பேசச் சொன்னார்கள் சிஸ்டர். கைகள் நடுங்கின, குரல் நடுங்கவில்லை. "என் பெயருக்குப் பக்கத்தில் ஊர்ப் பெயரையும் சொல்லுங்கள்" என்று அவள் அறிவிப்பாளரிடம் கேட்டுக்கொண்டதை இங்கே குறிப்பிட விரும்புகிறோம்.

பெற்றோர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். வீடு கட்டுங்கள், எங்களுக்கும் வீடு வேண்டும். ஆனால் மணல் வந்து இறங்கும்போது, இது எங்கிருந்து வருகிறது என்று ஒரு கேள்வி கேளுங்கள். கடற்கரை மேட்டு மணலில் உப்பு இருக்கிறது. அது கம்பியைத் துருப்பிடிக்கச் செய்து வீட்டுக்கே கேடாகும். பாறையை உடைத்துச் செய்யும் எம்-சாண்ட் இப்போது எங்கும் கிடைக்கிறது. அதை வாங்குங்கள். தோழியரே, கடற்கரைக்குப் போகும்போது அடப்பங்கொடியைப் பிடுங்காதீர்கள், மிதிக்காதீர்கள். உங்கள் ஊரில் மணல்மேடு இருந்தால் உங்கள் தாத்தா, பாட்டியிடம் அதன் கதையைக் கேட்டு எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு மலரில் அவற்றையெல்லாம் தொகுத்து வெளியிடலாம் என்று சிஸ்டர் இசைந்திருக்கிறார்கள்.